கோழிப்பண்ணை முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா?

புதுமனை:
நாமக்கல் பக்கம் சைட் வாங்கி வீடு கட்டி 2 வருசம் ஆகிறது. அடுத்த தோட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை. மழை விட்ட மறுவாரம் ஈ மொய்த்துத் துணி காயும் கொடிக்கயிறே கறுத்துவிடுகிறது. குழந்தையின் பால் டம்ளரை மூடாமல் ஒரு நிமிடம் வைக்க முடியவில்லை. பொதுத்தொல்லை என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) மனுக் கொடுக்கப் போகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 152.

தோட்டத்துக்காரன்:
ஏனுங்க, பண்ணை இருப்பது தெரிந்துதானே சைட் வாங்கினீர்கள்? நானும் பண்ணைக்காரன். எங்கள் அப்பா கூண்டு போட்டபோது சுற்றிலும் சோளக்காடு. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரைக் கிளம்பச் சொல்வது நியாயமே இல்லைங்க.

புதுமனை:
முன்னால் வந்தேன் என்பது மட்டும் போதாதுங்க. இங்கிலாந்தில் 1879-இல் ஸ்டர்ஜஸ் – பிரிட்ஜ்மன் வழக்கு. மிட்டாய்க்காரர் 20 வருசத்துக்கு மேல் உரலில் இடித்து வந்தார். பக்கத்து டாக்டர் பிற்பாடுதான் சுவரோரம் நோயாளி பார்க்கும் அறை கட்டினார். இடிக்கிற சத்தம் தொல்லை என்று டாக்டர் வழக்குப் போட்டார். தீர்ப்பு டாக்டர் பக்கம்.

தோட்டத்துக்காரன்:
அதே வழக்கை 1960-இல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் எடுத்துப் பேசினாரே! டாக்டரைக் காப்பாற்றினால் மிட்டாய்க்காரருக்கு நட்டம், ஆக நட்டம் இரண்டு பக்கமும் உண்டு என்றார். அப்புறம் அமெரிக்காவில் அரிசோனாவில் 1972-இல் மாட்டுப்பட்டி வழக்கு. பட்டி போக வேண்டும், ஆனால் அதற்கான செலவை அங்கே வீடு கட்டி விற்ற டெல் வெப் கம்பெனி தர வேண்டும் என்றது கோர்ட். உங்களுக்கு சைட் பிரித்து விற்றவர் தருவாரா?

புதுமனை:
அவர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பக்கமும் பேரம் பேசியே தீர்த்துக்கொள்ளலாம் என்று கோஸ் சொன்னது, பேசித் தீர்க்கச் செலவே இல்லாவிட்டால்தான் நடக்கும். நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத்தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் ஒவ்வொரு பட்டறையாகப் போய்ப் பேரம் பேச முடிந்ததா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

கூண்டுவேலை:
நான் பண்ணைகளுக்குத் தண்ணி லைன் போடுகிறவன். ஈ பெருகுவது ஈர எருவில். கூண்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கோழி தண்ணி குடிக்கும் நிப்பிள் ஒழுகும் இடத்தில் எரு கூழாகிப் புழு நெளியும். இரண்டடி தள்ளிக் காய்ந்த எருவில் ஒன்றும் இருக்காது. அத்தனை வீட்டு ஜன்னலுக்கும் வலை அடிப்பதைவிட ஒழுகும் நிப்பிளை மாற்றுவது மலிவு. அந்தச் செலவைப் பண்ணைதான் ஏற்க வேண்டும்.

தோட்டத்துக்காரன்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். எருவை ஈரமாக விட்டது பண்ணைக்காரர் தப்பு. ஆனால் இடத்தைக் காலி பண்ணு என்றால் விடமாட்டோம்.

புதுமனை:
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் பேசுகிறேன். ஒழுகலை நிறுத்தாவிட்டால் திங்கட்கிழமை மனு போகும்.