படிவத்தில் இருந்த இரண்டாவது வரி

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்க என் மனம் ஒப்புவதில்லை. லண்டன் மருத்துவமனைகளில் ஈழத்துப் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கும் மருத்துவிச்சிகளையும் நிறையக் கண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு பிரசவ விடுதியில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

வன்னியிலிருந்து வந்த பெண். நான்காவது பிள்ளை. கணவர் இரவு வேலையில் இருந்தார். நான் போய்ச் சேரும்போதே படிவத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. "எல்லாம் சொல்லிவிட்டோம், தலையாட்டினார்" என்றார் மருத்துவர். வாங்கிப் பார்த்தேன். சிசேரியன் என்பதற்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி: கருக்குழாய்களைக் கட்டுவது. வாரக்கணக்கில் முன்பே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

"தங்கச்சி, இனிப் பிள்ளை பிறக்காதபடி செய்வதற்கும் சம்மதித்தீர்களா?"

"ஐயோ, இல்லை அக்கா. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. மற்றது வேண்டாம் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். மருத்துவர் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் கையொப்பமிட்டார். "உங்கள் ஆட்களுக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் போதாதே" என்றார் அருகில் நின்ற தாதி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மொழி தெரியாததால் மட்டும் அந்த வரி அங்கே வந்துவிடவில்லை. இந்த நிறத்தவர்களுக்கு இவ்வளவு பிள்ளைகள் போதும் என்று யாரோ முன்பே தீர்மானித்திருந்தார்கள்.

1973இல் அமெரிக்காவின் அலபாமாவில், எழுத்தறியாத ஒரு கறுப்பினத் தாய் கருத்தடை ஊசிக்கு என்று நம்பிப் படிவத்தில் குறியிட்டார். 14, 12 வயதே ஆன அவருடைய மகள்கள் மினி லீ, மேரி ஆலிஸ் ரெல்ஃப் இருவருக்கும் கருத்தடை அறுவைச் சிகிச்சையையே செய்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிக்கப் பெண்களிடம் பிரசவ வலியின் நடுவே கருத்தடை அறுவைக்கான ஆங்கிலப் படிவங்களை நீட்டினார்கள். அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கு 1978இல் தோற்றது. மருத்துவர்கள் மீது குற்றமில்லை, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போனதுதான் காரணம் என்றார் நீதிபதி. புரியவைக்க வேண்டியது கத்தியைக் கையில் வைத்திருந்தவர்களின் பொறுப்பு அல்லவா?

பிள்ளை பெறவும், பெறாமல் இருக்கவும், பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பாக வளர்க்கவும் உரிமை வேண்டும் என்று 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் 12 பேர் சொன்னார்கள். அதற்கு இனப்பெருக்க நீதி என்று பெயரிட்டார்கள். கருக்கலைப்பு உரிமையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்கள் மறந்துபோன பாதி அது.

பிரிட்டனில் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதமும் ஆசியப் பெண்களின் விகிதமும் வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம் என்று ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. ஆகவே சகோதரிகளே, பதிவு செய்யும் முதல் நாளிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. கணவரோ பிள்ளையோ இருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், அறுவைச் சிகிச்சை தொடங்கும்வரை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.