குன்னூர் பழைய பங்களா: மாடியில் இருக்கும் காஸ்ட் அயர்ன் பாத்டப்பை உடைக்காமல் வெளியே எடுப்பது எப்படி?

தேயிலைச்சரிவு
வணக்கம். சரிவில் கட்டிய பழைய பங்களா. மாடி பாத்ரூமில் சிங்கப்பாதக் கால் வைத்த பாத்டப் ஒன்று நிற்கிறது. நீளம் 5½ அடி, விளிம்போடு அகலம் 29 இன்ச், கால் இல்லாமல் உயரம் 18 இன்ச். பாத்ரூம் கதவின் உள் அகலம் 27 இன்ச்தான். அதைத் தாண்டினால் மரப் படிக்கட்டு: 14 படி, 3 அடி அகலம், திருப்பம் இல்லை. கழிவுநீர்க் குழாய் தரைக்குள் இறங்குகிறது, சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருக்கிறது. தொட்டியை எனாமல் பெயராமல் கோவைக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை ஆள் வேண்டும்? எந்த வரிசையில் வேலை செய்வது?

பழையஇரும்பு
ஆள் எண்ணிக்கைக்கு முன்னால் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது சுட்ட களிமண் தொட்டியாக இருக்கலாம். காஸ்ட் அயர்னைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை, வழியே வேறு. ஒட்டினால் வடிகால் துளையில் கனத்தை அளந்து பாருங்கள். 6 மிமீ கன வார்ப்பிரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 43 கிலோ. உங்கள் அளவுத் தொட்டிக்கு விளிம்பையும் சேர்த்தால் 130 முதல் 150 கிலோ வரும். தகரத்தை அழுத்திச் செய்த தொட்டி என்றால் 2, 3 மிமீதான் இருக்கும், இரண்டு பேரே தூக்கிவிடலாம்.

கதவைப் பற்றிக் கவலை வேண்டாம். தொட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கதவுக்குள் போக வேண்டியது 29 இன்ச் அல்ல, 18 இன்ச்.

ஆனால் காலைக் கழற்றாமல் ஒருக்களிக்கவே கூடாது. சாய்க்கும்போது மொத்த எடையும் ஒரு பக்கத்து இரண்டு கால்மேல் குறுக்காக ஏறும். கால் மாட்டியிருக்கும் வார்ப்புக் காது சட்டென்று ஒடியும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். காது ஒடிந்தால் வெல்டிங்கும் லேசில் நிற்காது. அந்தச் சூட்டில் உள்பக்க எனாமல் சில்லுச் சில்லாகப் பெயரும்.

கழற்றும் முறை: ஒரு முனையில் கடப்பாரைக்குப் பதில் 3×3 மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து இரண்டு இன்ச் தூக்குங்கள். வயிற்றுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, மேலே மடித்த கோணி போட்டு இறக்குங்கள். மறு முனையும் அப்படியே. இப்போது நான்கு காலும் காற்றில் தொங்கும். நடுவில் போல்ட் இருந்தால் முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற விடுங்கள். போல்ட் இல்லாவிட்டால் கால் ஒரு காடிக்குள் நுழைந்து ஆப்பால் இறுகியிருக்கும். மரத்துண்டு வைத்து, நுழைந்த திசைக்கு எதிராகத் தட்டினால் வரும். ஒவ்வொரு காலிலும் அதன் காதிலும் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு காலையும் அதனதன் காடிக்கு ராவிப் பொருத்தினார்கள். மாற்றிப் போட்டால் தொட்டி ஆடும்.

குழாய்க்காரர்_கோவை
அந்தச் சாம்பல் குழாய் ஈயம். நகத்தால் கீறினால் வெள்ளியாய்ப் பளிச்சென்று தெரியும். அதில் கிரைண்டர் வைக்காதீர்கள், தீ காட்டாதீர்கள். தூசும் புகையும் விஷம். ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்தால் வெண்ணெய் மாதிரி அறுபடும். கீழே செய்தித்தாள் விரித்து, ஈரத் துணியால் துடைத்து, இரண்டையும் சுருட்டி ஒரு பையில் கட்டிவிடுங்கள். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

தொட்டிக்கு அடியில் பித்தளை நட்டு இறுகியிருந்தால் பெரிய பைப் ரெஞ்சு போட்டு முறுக்கத் தோன்றும். வேண்டாம். வடிகால் துளையைச் சுற்றித்தான் எனாமல் மிக எளிதாகப் பெயரும். நட்டுக்குக் கீழே தொங்கும் குழாய் முனையை அறுத்துவிட்டுப் பித்தளையைத் தொட்டியோடேயே விடுங்கள், பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். அறுத்த முனையில் துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் கட்டி மூடுங்கள். இல்லையென்றால் மறுநாளே சாக்கடை வாடை வீட்டுக்குள் வரும்.

தண்ணீர் வரும் பக்கம் மெயின் வால்வை அடைத்து, குழாயைக் கழற்றி, பிளக் போடுங்கள். பழைய வெள்ளைக்காரக் குழாயின் மரையும் இன்று நாம் வாங்கும் ஜிஐ பைப்பின் மரையும் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் கடையில் கிடைக்கும் பிளக்கே பொருந்தும்.

சாரக்கயிறு
படிக்கட்டுக்கு வருவோம். நான்கு பேர் தோளில் தூக்கி இறக்குவது மோசமான யோசனை. 140 கிலோ தொட்டியோடு நான்கு ஆள் எடையும் சேர்ந்தால் 400 கிலோவுக்கு மேல் இரண்டு மூன்று படியில் நிற்கும். பழைய மரப்படி அதைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் கீழே நிற்பவர் மேல்தான் எடை சாயும்.

சறுக்குப் பலகையில் இறக்குங்கள். 18 மிமீ பிளைவுட், 6 அடிக்கு 2½ அடி, அடியில் நீளவாக்கில் 3×2 கட்டை இரண்டு, ஸ்க்ரூ போட்டு. மேலே பழைய கம்பளம். கதவைத் தாண்டியதும் தொட்டியை அதன்மேல் கவிழ்த்து, விளிம்பு கீழே இருக்கும்படி வைத்து, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கவிழ்த்தால் கனமான விளிம்பு கீழே வந்துவிடும், ஆடாது, உருளாது. படிகள்மேல் நீளப் பலகை இரண்டு போட்டால் படியின் மூக்கு ஒடியாது. படிக்கு அடியில் ஆள் போக இடமிருந்தால் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள்.

35 பாகை சரிவில் 140 கிலோ தொட்டி சுமார் 80 கிலோ விசையில் கீழே இழுக்கும். மரத்தோடு மரம் உரசுவதில் கொஞ்சம் குறைந்தாலும் 45, 50 கிலோ கயிற்றில் நிற்கும். கையால் பிடித்து நிறுத்த நினைக்காதீர்கள். மேலே ஒரு வாசல் இருக்குமே, அதன் மறுபக்கச் சுவரில் குறுக்காக 5 அடி நீள 2 இன்ச் ஜிஐ பைப்பைச் சாத்தி, கயிற்றை அதில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரே ஆள் வால் பக்கத்தைப் பிடித்து அங்குலம் அங்குலமாக விடலாம். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள், பழைய கம்பம் வேரோடு வந்துவிடும். கயிறு 18 மிமீ மணிலா. நைலான் ரப்பர் மாதிரி இழுபட்டு எகிறும். பிளாஸ்டிக் கயிறு பைப்பில் உரசிச் சூடேறி இளகும். தொட்டிக்குக் கீழே, அதன் பாதையில், ஒருவரும் நிற்கக் கூடாது. இந்த ஒன்றில் சமரசமே வேண்டாம்.

நீலமலை_ஆசாரி
சாரக்கயிறு சொன்னது எல்லாம் சரி, ஆனால் படிக்கட்டே வேண்டாமோ என்று தோன்றுகிறது. தண்ணீர் கொண்டு வருபவரும் துப்புரவுத் தொழிலாளியும் வீட்டுக்குள் நுழையாமல் வந்துபோக, அந்தக் கால பங்களா பாத்ரூம்களுக்கு வெளிப்பக்கம் தனிக் கதவு வைப்பார்கள். இன்று அது அலமாரிக்குப் பின்னாலோ ஓடு ஒட்டிய சுவருக்குள்ளோ மறைந்திருக்கும். சரிவில் கட்டிய வீடு என்கிறீர்கள். மலைப் பக்கம் மாடித் தரையும் வெளி நிலமும் ஒரே மட்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். நிலைப்படிக் கல்லோ மேல் வளைவோ தெரியும்.

தேயிலைச்சரிவு
இருக்கிறது! உள்ளே அலமாரி, வெளியே பலகை அடித்த கதவு. அகலம் 30 இன்ச். ஆனால் வெளியே தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 4 அடி இடைவெளி, கீழே மழைநீர் வாய்க்கால். அதற்கு அப்பால் மேட்டில் பாதை, கிட்டத்தட்ட அதே மட்டம். காந்தமும் ஒட்டியது.

நீலமலை_ஆசாரி
அப்படியானால் அதுதான் வழி. 4 இன்ச் கனத்தில் சவுக்குக் கம்பு மூன்று, ஒவ்வொன்றும் 8 அடி. இரண்டு பக்கமும் 2 அடி உட்கார வேண்டும். உள்பக்கம் வாசற்படியின் விளிம்பில் அல்ல, தரைக்குள் தள்ளி வையுங்கள். வெளிப்பக்கம் தடுப்புச் சுவரின் தலைக்கல் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆடினால் அதன்மேல் எடை வராமல் பின்னால் மண்ணில் அகலப் பலகை போட்டு அதில் கம்பைத் தாங்குங்கள். மூன்று கம்பையும் கயிற்றால் பிணைத்து, மேலே 18 மிமீ பிளைவுட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பாலத்தின்மேல் ஆள் ஏறத் தேவையில்லை. தொட்டியை சறுக்குப் பலகையோடு கட்டி, அப்பால் இரண்டு பேர் கயிறு போட்டு இழுக்க, உள்ளே இரண்டு பேர் தள்ள, ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். பலகை 30 இன்ச், வாசலும் 30 இன்ச் என்பதால் பலகையை 28 இன்ச்சாகக் குறையுங்கள். தொட்டி ஒருக்களித்தபடியே வரட்டும், இரண்டு பக்கமும் ஆப்புக் கட்டை கொடுங்கள்.

மழை பெய்தால் அன்று வேண்டாம். ஈரச் செம்மண்ணில் கால் வழுக்கினால் கயிறு பிடித்தவர் கையிலிருந்து போய்விடும்.

பழையஇரும்பு
வண்டிக்குக் குட்டியானை போதும். கோணியும் பழைய மெத்தையும் விரித்து, நீளவாக்கில், கவிழ்த்து ஏற்றுங்கள். கால்களைத் தனிச் சாக்கில் கட்டி, தொட்டிக்குள் போடாமல் ஓரத்தில் வையுங்கள். உள்ளே போட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மோதி எனாமலைக் கொத்திவிடும். பெல்ட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மேட்டுப்பாளையம் இறங்கியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

கோவையில் சுத்தம் செய்யும்போது பாத்ரூம் ஆசிட் தொடாதீர்கள், பழைய எனாமலின் மினுமினுப்பு போய்விடும், பெயர்ந்த இடத்தில் இரும்பையும் தின்னும். ‘புது எனாமல்’ என்று கடைகளில் அடித்துத் தருவது பெரும்பாலும் இரண்டு கலவைப் பெயின்ட்தான். அசல் எனாமல் 800 பாகை அளவில் சூளையில் உருகி ஒட்டிய கண்ணாடி. நல்ல நிலையில் இருக்கும் பகுதியை அப்படியே விட்டு, சில்லு போன இடத்தை மட்டும் ஒட்டுப் போடச் சொல்லுங்கள்.