உள்ளடுக்குக் கோப்புறைகளில் உள்ள படங்களைப் பெயர் மாற்றி ஒரே இடத்தில் நகலெடுப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில், 1971 முதல் 1986 வரை வெளிவந்த ஒரு சிற்றிதழின் 184 இதழ்களை ஸ்கேன் செய்து முடித்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பக்கங்கள் என்று அடுக்கியிருக்கிறோம். ஸ்கேனர் ஒவ்வொரு கோப்புறையிலும் 001 என்றே எண்ணத் தொடங்கியதால், அதே பெயரில் இப்போது 184 கோப்புகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஆண்டும் மாதமும் பெயரிலேயே தெரியும்படி ஒரே கோப்புறைக்குக் கொண்டுவர வேண்டும்.

சென்ற வாரம் ஒருவர் இதைக் கையால் செய்யத் தொடங்கினார். இரண்டாவது மாதத்தை இழுத்துப் போட்டபோது விண்டோஸ் எழுப்பிய கேள்விக்கு "மாற்றவும்" என்று அழுத்திவிட்டதால், முதல் மாதத்தின் 32 பக்கங்களும் நகலிலிருந்து மறைந்துவிட்டன. மூலக் கோப்புகள் தனி வன்தட்டில் இருந்ததால் தப்பித்தோம். ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள் உள்ள இந்த வேலையைத் தானாக நடக்கும்படி செய்ய முடியுமா? எனக்கு நிரலாக்கம் ஓரளவுக்குத்தான் தெரியும்.

முதல் மறுமொழி

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நகலெடுக்கும் கட்டளையைத் தேடுவதற்கு முன்பு, எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எங்கே போகப்போகிறது என்ற பட்டியலை மட்டும் உருவாக்கும் நிரலை எழுதுங்கள். உங்களுக்கு நேர்ந்த இழப்பு, நகலெடுத்துக்கொண்டே பெயரை முடிவு செய்ததால் வந்தது.

பெயரை 1974-10-001 என்ற வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை எழுத்தில் வைத்தால் கணினி அதை அகர வரிசையில் அடுக்கும். அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர் என்று தொடங்கி, ஜனவரி ஐந்தாவது இடத்துக்குப் போய்விடும். ஆகவே மாதப் பெயருக்கு நேரே 01 முதல் 12 வரை எண் கொடுக்கும் ஓர் அகராதியை நிரலுக்குள் எழுதிவிடுங்கள்.

விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லிலும் இதைச் செய்யலாம் என்றாலும், உங்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியையே பரிந்துரைப்பேன். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, பிஓஎம் குறி (கோப்பின் தொடக்கத்தில் குறியீட்டு முறையைக் காட்டுவது) இல்லாமல் சேமித்த நிரலை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. அதனால் நிரலுக்குள் நீங்கள் எழுதும் தமிழ் மாதப் பெயர்கள் சிதைந்துபோகும். பைத்தான் 3-இல் அந்தத் தொல்லை இல்லை. அதன் பாத்லிப் (pathlib) தொகுதியில் உள்ள ஆர்குளோப் (rglob), எத்தனை அடுக்கு இருந்தாலும் உள்ளே இறங்கி எல்லாக் கோப்புகளையும் எடுத்துத் தரும். ஒவ்வொரு கோப்பின் பாதையையும் மேலிருந்து எண்ணிப் பிரியுங்கள். முதல் பகுதி ஆண்டு, இரண்டாவது மாதம், மூன்றாவது பக்கம். சரியாக மூன்று பகுதிகள் இல்லாத எதையும் பெயர் மாற்றாமல், "பார்க்க வேண்டியவை" என்று தனியே எழுதிவையுங்கள். அவசரத்தில் பலர் கீழிருந்து எண்ணுவார்கள். அப்போது எங்கோ ஓர் உட்கோப்புறை கூடுதலாக இருந்தாலும் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

பட்டியலைக் காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig, அதாவது பிஓஎம் குறியுடன் கூடிய யுடிஎஃப்-8) என்ற குறியீட்டு முறையைக் கொடுத்தால் எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும். புதிய பெயர்களின் பத்தியில் ஒரு பெயர் இருமுறை வந்தால் அதைத் தீர்க்கும் வரை மேலே போக வேண்டாம். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே ஷூட்டில் (shutil) தொகுதியின் காப்பி2 (copy2) கொண்டு நகலெடுங்கள். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையும் அது உடன் கொண்டுவரும். ஆனால் இலக்கில் அதே பெயரில் கோப்பு இருந்தால் விண்டோஸைப் போல அது கேட்காது, சத்தமில்லாமல் மேலே எழுதிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் இலக்குக் கோப்பு ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிரல் நின்றுவிடும்படி எழுதுவது கட்டாயம். இலக்குக் கோப்புறையை மூலக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். மறுமுறை ஓட்டும்போது நகல்களையும் மூலம் என்று எண்ணி அள்ளிக்கொள்ளும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நேற்றிரவு பட்டியல் நிரலை எழுதி ஓட்டினேன். பெரும்பாலும் சரியாக வந்தது. ஆனால் 1976 முதல் 1979 வரையுள்ள அக்டோபர் இதழ்களுக்கு மட்டும் "கீஎரர்" (KeyError, தேடிய சொல் அகராதியில் இல்லை) என்று பிழை காட்டி நிரல் நிற்கிறது. அகராதியில் அக்டோபர் இருக்கிறது. மற்ற ஆண்டுகளின் அக்டோபருக்கு வேலையும் செய்கிறது. கோப்புறையின் பெயரையும் அகராதியில் உள்ள சொல்லையும் பெரிதாக்கி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன்; எந்த வேறுபாடும் தெரியவில்லை.

இரண்டாம் மறுமொழி

வேறுபாடு "டோ" என்ற எழுத்தில் இருக்கிறது. ஓகார உயிர்மெய்க்கான குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம். அல்லது இரட்டைக்கொம்பு ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு என்று அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். அந்த நான்கு ஆண்டுகளின் கோப்புறைகளை வேறொருவர் வேறு விசைப்பலகை மென்பொருளிலோ மேக் கணினியிலோ உருவாக்கியிருக்கக்கூடும். பன்னிரண்டு மாதப் பெயர்களில் ஒகர, ஓகாரக் குறி வருவது அக்டோபரில் மட்டுமே என்பதால் மற்ற மாதங்களில் இது தெரியவில்லை.

யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியின் நார்மலைஸ் (normalize) என்ற செயற்கூறுக்கு என்எஃப்சி (NFC, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவம் வேண்டும் என்று சொல்லி, கோப்புறைப் பெயரை அதன் வழியே செலுத்திய பிறகு அகராதியில் தேடுங்கள். அகராதியில் உள்ள சொற்களையும் அவ்வாறே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது, ஏனெனில் அது உண்மையிலேயே வேறு எழுத்து. "பிப்ரவரி", "பெப்ரவரி" போன்றவற்றுக்கும் அகராதியில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிடுவதுதான் வழி.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். கோப்புப் பெயரில் இதழின் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் தமிழில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பமைப்பு, ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே அனுமதிக்கும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்கில் வரும். "அக்டோபர்" என்ற சொல்லே 24 பைட். விண்டோஸில் சிக்கலில்லாமல் இருந்த நீண்ட தலைப்பு, நூலகத்தின் லினக்ஸ் வழங்கிக்கு ஏற்றும்போது மறுக்கப்படலாம்.

நகலெடுத்து முடித்ததும், மூலத்துக்கும் நகலுக்கும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டுப் பட்டியலிலேயே இரண்டு பத்திகளாகச் சேர்த்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பொருந்துவது மட்டும் போதாது. மேக் கணினியில் செருகிய பென்டிரைவ் வழியாகக் கோப்புகள் வந்திருந்தால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து, 001 என்ற பக்கத்துக்கு நிழல்போல இன்னொரு கோப்பு இருக்கும். அதற்கும் ஜேபிஜி என்றே விரிவு இருக்கும். ஆனால் படம் இருக்காது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை முதலிலேயே விலக்கிவிடுங்கள்.

கேட்டவர்

நார்மலைஸ் சேர்த்ததும் நான்கு அக்டோபர்களும் ஒழுங்காக வந்துவிட்டன. அவற்றிலேயே 128 நிழல் கோப்புகளும் இருந்தன. அந்தக் கோப்புறைகள் மேக்கில் உருவானவை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. "பார்க்க வேண்டியவை" பட்டியலில் 11 கோப்புகள் நின்றன. 1983 மே கோப்புறைக்குள் யாரோ "மறு ஸ்கேன்" என்று ஓர் உட்கோப்புறை வைத்து, மங்கலாக வந்த பக்கங்களைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, தெளிவானதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் கையாலேயே பெயர் எழுதினேன். இன்று காலை நகலெடுத்து முடித்து, இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுவிட்டேன். ஒரு வரிகூட வேறுபடவில்லை. மூல வன்தட்டை அப்படியே உறையிட்டு, பட்டியலின் அச்சுப் பிரதியோடு நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம்.