நெல்லைக் காக்க ஓமிக்ஸ் ஆய்வகமா, வடிகால் வாய்க்காலா?

வெண்ணாற்றங்கரை:
பயிரோட மரபணு, புரதம் எல்லாத்தையும் மொத்தமாப் படிக்கிற ஓமிக்ஸ் ஆய்வகங்களைப் பெருக்கணும்னு நாலு நாளா இங்க பேச்சு ஓடுது. நான் சம்பா போடுறவன். கார்த்திகை மழையில எங்க பயிர் முங்குறதுக்குக் காரணம் தூர்ந்துபோன வடிகால். உப்பு ஏறுற நிலத்துக்குக் குழியடிச்சான்னு ஒரு நாட்டு நெல் எங்க தாத்தா காலத்துலயே இருக்கு, யாரும் மரபணுவைப் படிச்சுக் கொண்டுவரல. அந்தப் பணத்தை வாய்க்காலுக்குக் கொடுங்க.

மரபணு வாசகி:
அண்ணே, வாய்க்கால் வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஒடிசாவோட எஃப்ஆர்13ஏ நெல்லைப் பாருங்க. ரெண்டு வாரம் முழுசா முங்கினாலும் பிழைக்கும், விளைச்சல்தான் குறைவு. அந்தக் குணத்தை நல்ல ரகத்துக்குக் கொண்டுவரப் பல வருஷம் ரெண்டு ரகத்தையும் கலப்பு செஞ்சு பார்த்தாங்க. வேண்டாத குணமும் சேர்ந்தே வந்துச்சு. 1996-ல அது 9-வது குரோமோசோம்ல இருக்குன்னு தெரிஞ்சுது, 2006-ல சப்1ஏ மரபணுவே கையில கிடைச்சுது. அந்தத் துண்டை மட்டும் சுவர்ணா நெல்லுல ஏத்தின சுவர்ணா-சப்1 2009-ல இந்தியாவுல வெளியாச்சு. சாதாரண நெல் முங்கினதும் மூச்சுக்காக நீண்டு, சேர்த்துவெச்ச மாவுச்சத்தையெல்லாம் தீர்த்துடும். தண்ணி வடிஞ்சா சாயும். சப்1ஏ இருந்தா வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். உங்க பக்கத்து சிஆர் 1009 சப்1 நெல்லுலயும் இதுதான் இருக்கு.

வெண்ணாற்றங்கரை:
அதையும் போட்டவன்தாம்மா நான். முழுசா முங்கி வடிஞ்ச வருஷம் தப்பிச்சுது, மறைக்கல. ஆனா எங்க பள்ளக்கால்ல தண்ணி தொடையளவுல ஒரு மாசம் அப்படியே நிக்கும். அதுக்கு உங்க சப்1 என்ன பண்ணும்?

மரபணு வாசகி:
ஒண்ணும் பண்ணாது. தேங்கின தண்ணிக்கு மேல தலைநீட்டி வளரணும், சப்1 வளர்ச்சியை அடக்கும். நான் ஆய்வகம் கேக்குறதே இதுக்குத்தான். ஒரு ஊர் வெள்ளத்துக்கு வந்த விடை இன்னொரு ஊர் வெள்ளத்துக்கு ஒத்துவராது.

விதைக்கூடை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எஃப்ஆர்13ஏவின் மூலத்தைக் காத்தது ஒடிசா உழவர்கள். மரபணுவைக் கண்டெடுத்தது பிலிப்பைன்ஸ், கலிஃபோர்னியா ஆய்வகங்கள். 2014-இல் 89 நாடுகளின் 3,000 நெல்களின் மரபணுத்தொகை, அதாவது முழு மரபணு வரிசை, பொதுவில் வந்தது. கணினியும் ஆளும் உள்ளவனுக்குத்தான் அது பயன்படும். விதை தந்தவனுக்கு என்ன கிடைத்தது? ஓமிக்ஸ் என்றாலே எனக்குக் கசப்பது இதனால்தான்.

மரபணு வாசகி:
கசப்பு நியாயமானதுதான். ஆனா நம்ம நெல்லைப் படிக்க நம்மகிட்ட ஆள் இல்லாட்டி அந்தக் கதைதான் தொடரும். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல மரபணு வரிசையைப் படிக்கிற கருவி, ரசாயனம் வாங்கப் பணமில்லாம ஏழு மாசம் உறை மூடிக் கிடந்துச்சு. நினைச்சா இன்னும் வயிறு எரியுது. கட்டடமும் கருவியும் மட்டும் திறனாகாது. அந்த வரிசையைப் புரிஞ்சுக்கிற கணினி ஆளு வேணும். அதைவிட, எந்தச் செடி எந்த நாள் என்ன பட்டுச்சுன்னு வயல்ல அளக்கிற ஆளு வேணும். அளவு இல்லாட்டி மரபணுத்தொகை வெறும் எழுத்துக் குவியல்.

வெண்ணாற்றங்கரை:
இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு சண்டை போட்டிருக்கமாட்டேன். வடிகால் விஷயத்துல நான் இறங்கமாட்டேன், அது தனி. வர்ற சம்பாவுல அரை மா நிலத்துல குழியடிச்சான், அரை மாவுல சிஆர் 1009 சப்1 போட்டுத் தர்றேன். ஆனா முடிவு முதல்ல எங்க ஊருக்கு வரணும். விதையை யாரும் தன் பேர்ல எழுதிக்கக் கூடாது.

விதைக்கூடை:
2001-இன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் ரகத்தை ஊர்ச் சமூகத்தின் பெயரிலேயே பதியலாம். விதை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே பதியுங்கள். மனு எழுத நான் வருகிறேன்.

மரபணு வாசகி:
சரி, அந்த நிபந்தனையை எழுதியே தர்றேன் அண்ணே. நாத்து நட்ட தேதியிலேருந்து வாரம் ஒருதடவை தண்ணி ஆழமும் உப்பும் குறிக்கணும். அளக்கிற கருவி என்கிட்ட ஒண்ணு இருக்கு, கொண்டுவர்றேன்.