ஸ்ப்ளைனுக்குத் தமிழ்: பல்லா, சாலா?

அன்புள்ள குழுவினருக்கு,

எந்தக் கியர்பெட்டி எந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று கண்டறிய உதவும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஸ்ப்ளைன்' வழிமறிக்கிறது. கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் நீளவாக்கில் ஓடும் வரிகள் அவை. கிளட்ச் தட்டின் நடுத்துளை அவற்றைக் கவ்வியபடி நகரும். 'பல்' என்றே எழுதி வந்தேன். ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி எம்21 என்ற கியர்பெட்டி வந்து கெடுத்தது. அதன் உள்ளீட்டுச் சக்கரத்தில் 26 பல். தண்டிலோ 1970 வரை 10 'பல்', 1971 முதல் 26 'பல்'. படிப்பவர் எந்த 26-ஐ எண்ணுவார்?

---

ஐயா, சொல் நம் வயலிலேயே கிடக்கிறது. ஏர் கிழித்தது உழவுச்சால். தண்டில் கிழித்தது தண்டுச்சால். சாலையும் இதே வேர்தான் என்பது என் துணிபு. இன்னும் சொன்னால், 'ஐந்துசால்பு ஊன்றிய தூண்' என்கிறார் வள்ளுவர். தூண் என்பது தண்டு. ஊன்றுதல் என்பது செருகுதல். வேறென்ன வேண்டும்?

---

வள்ளுவரைப் பட்டறைக்கு இழுக்க வேண்டாம். அது சால்பு, சால் அன்று. சால் என்பது பள்ளம். ஸ்ப்ளைன் என்பது மேடு. எண்ணிப் பாருங்கள்: 'பத்துச்சால்' என்று வலி மிகும், 'இருபத்தாறு சால்' என்று மிகாது. ஒரே அட்டவணையில் இரண்டு கோலம். 'வரிப்பல்' போதும்.

---

தண்டைச் சுற்றி வந்தால் மேடும் பள்ளமும் எண்ணிக்கையில் ஒன்றே. எதை எண்ணினால் என்ன? வலி மிகுவது நன்னூலார் காலத்திலிருந்து இருக்கும் தொல்லை. அதற்குச் 'சால்' என்பதைக் குறை சொல்வது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

---

தொழிற்பயிற்சி வகுப்பு எடுப்பவன் நான். என் மாணவர்கள் 'ஸ்ப்ளைன்' என்கிறார்கள். நாளை பட்டறையிலும் அதையே கேட்பார்கள். அப்படியே விட்டுவிடலாமே? சொல்லைவிட எனக்குக் கவலை வேறு. எண்ணிக்கை ஒத்தாலே பொருந்திவிடும் என்று கையேடு நினைக்க வைக்கக்கூடாது. மன்சியின் பழைய 10 வரித் தண்டு ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, அதாவது 1⅛. ஃபோர்டின் டாப்லோடர் கியர்பெட்டிகளில் பலவற்றின் 10 வரித் தண்டு 1 1/16. கிளட்ச் தட்டு மாறிப்போனால் ஏறாது, அல்லது ஆடும். விட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

---

விட்டம் சேர்த்துவிட்டேன், நன்றி. வரிப்பல்லுக்கு நால்வர், ஸ்ப்ளைனுக்கு இருவர், சாலுக்கு ஒருவர். முதல் வருகையில் 'வரிப்பல் எனப்படும் ஸ்ப்ளைன்', பிறகு வரிப்பல். இப்படியே அனுப்புகிறேன். எஞ்சினோடு கியர்பெட்டியைப் பூட்டும் பெல்ஹவுசிங்கை 'மணிக்கூடு' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருக்காது என நம்புகிறேன்.

---

ஒருவர் என்று எண்ணப்பட்டவன் எழுதுகிறேன். 'சால்' என்பதை நான் கைவிடவில்லை. அது கிடக்கட்டும், மணிக்கூடு என்றால் குமரியிலும் ஈழத்திலும் கடிகாரம் ஐயா! எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கடிகாரத்தையா மாட்டப் போகிறீர்கள்?