பொருள்: 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை:
மாயப்புனைவுப் பயிலரங்கின் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்லோ பர்ன் எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்பதற்குத் தமிழ் வேண்டும். ஒருவரை ஒருவர் அழிக்க நினைக்க இருவருக்கும் உண்மையான காரணம் இருக்கணும். அந்தப் பகை தேய்ந்து தேய்ந்து காதலாகணும். 40 அத்தியாயத் தொடரென்றால் 10 வரை பகையில் கலப்பே கூடாது. எதிராளியின் திறமையை மனசில்லாமல் ஒப்புக்கொள்வது 12 வாக்கில், உயிரைக் காப்பது 20 வாக்கில். வாய்விட்டுச் சொல்வது 30-க்கு முன்னால் ஆகாது. இப்போதைக்கு 'பகை கனிந்த காதல்' என்று எழுதியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்:
எழுவாயைப் பாருங்கள். பகை கனிந்தால் முற்றிய பகைதான் கிடைக்கும். 'துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று' (குறள் 1306) என்ற இடத்தில் கனிவது காமம். அதுவும் ஊடல், காதலுக்குப் பிந்தியது. நமக்கு வேண்டியது முந்திய சினம். இகல், அதாவது மனமாறுபாடு; அந்த அதிகாரத்துக் கடைசிக் குறள்: 'இகலானாம் இன்னாத எல்லாம் நகலானாம் நன்னயம் என்னும் செருக்கு' (860). எதுகையோடு சொல் தயாராகக் கிடக்கிறது: 'இகல்நகல்'.

தென்காசி:
அண்ணாச்சி, நகல் என்றால் பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைக்குப் போகும்.

அம்பாசமுத்திரம்:
கடைக்கார நகல் அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. நம்முடையது நகு + அல், சிரித்துப் பழகுவது. வந்தவனுக்காக வீட்டுக்காரன் வெளியேறணுமாக்கும்?

பேட்டை:
நம்ம ஊர் எடுத்துக்காட்டே இருக்கே, 1891-இல் வந்த மனோன்மணீயம் நாடகம். பாண்டியன் ஜீவகனின் கோட்டை திருநெல்வேலியில். படையெடுத்து வரும் சேரனுக்கே கடைசியில் பெண்.

பாளையங்கோட்டை:
பொருந்தாது. மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் கனவிலேயே காதல் கொண்டவர்கள், சண்டை அவள் தகப்பன் ஜீவகனோடு. வீட்டுப் பகை வேறு, ஆட்பகை வேறு. புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கடிதம் கைமாறியதால் வந்த பகை ஒரே பேச்சில் தீர்ந்துவிடும், மீதி அத்தியாயங்களை எதை வைத்து ஓட்டுவது? மாறாக, நாயகன் அவள் ஊரையே கொளுத்தியிருந்தால் எந்த மன்னிப்பும் ஒட்டாது. மந்திரக் கட்டுப் போட்டு இருவரையும் ஒரே பாதையில் நடக்கவைக்கலாம். ஆசையையும் அந்த மந்திரமே ஊட்டினால் அது வசியம். கதை பெருந்திணை என்னும் பொருந்தாக் காமத்தின் பக்கம் போய்விடும்.

விளாத்திகுளம்:
'ஸ்லோ பர்ன்' விட்டுப்போச்சே! 'நீறுபூத்த நெருப்பு' வேண்டாம்; அது எரிந்து அடங்கியது, இது மெல்ல ஏறுவது. எங்க பக்கம் கரிமூட்டம் உண்டு. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, புகை போக வழி மட்டும் விட்டு நாள்கணக்கில் வேகவிடுவார்கள். மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் கரி கிடையாது, சாம்பல்தான். 8-ஆம் அத்தியாயத்து முத்தமும் அந்த வெடிப்புத்தான். 'மூட்டக் காதல்' என்று வையுங்கள்.

தென்காசி:
மூட்டம்னா இங்கே சாரல் மேகம். வாழைத்தாரைப் பழுக்கவைப்பதும் மூட்டந்தான். 'பகைமுறி காதல்' எப்படி? வினைத்தொகை. முறிந்த, முறிகின்ற, முறியும் மூன்றும் அதற்குள் அடக்கம். மெதுவைச் சொல்லத் தனி அடைமொழி வேண்டாம்.

அம்பாசமுத்திரம்:
சங்கப் பாட்டில் முறி என்றால் தளிர். ஒடித்த இடத்தில் துளிர்ப்பதால் அந்தப் பெயர் என்பது என் கட்சி. சொல் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் குறளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

செங்கோட்டை:
1956 வரை மலையாளச் சீமையோடு இருந்த ஊர்க்காரன் சொல்லுதேன், அந்தப் பக்கம் முறி என்றால் அறை. 'ஒரே அறை, ஒரே கட்டில்' உத்திக்குப் பெயர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி எனக்குச் சம்மதம்.

பாளையங்கோட்டை:
பகைமுறிக்கு நாலு பேர், மூட்டத்துக்கு ஒருவர், இகல்நகலுக்கு ஒருவர். 'பகைமுறி காதல்' என்றே போடுகிறேன், பக்கத்தில் 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்றும் இருக்கும். ஸ்லோ பர்ன் இந்தப் பதிப்பில் ஸ்லோ பர்னாகவே போகட்டும்.

அம்பாசமுத்திரம்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பாடம் 'ரைவல்ஸ்' தானே? அவர்கள் பகைவர் இல்லை, போட்டியாளர். அங்கே இகல்தான் நிற்கும். அதையும் முறிக்க விடமாட்டேன்.