பால்டர்ஸ் கேட் 2 ரொம்ப சுலபமாகிவிட்டது, என்ன மோட் போடலாம்?

கீறல்சிடி:

வணக்கம் மக்களே. 2003-ல் காலேஜ் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரில் பால்டர்ஸ் கேட் 2 ஆடினோம், ஆறு பேர் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிற மாயாஜால கேம். மொத்தம் நாலு சிடி. அதில் மூன்றாவதில் கீறல், பனியனில் துடைத்துத் துடைத்துப் போடுவோம். ஃபிர்கிராக் என்கிற சிவப்பு டிராகனைக் கொல்ல அப்போது எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. கொன்ற அன்று மெஸ்ஸுக்குப் போகாமல் வெளியே போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

போன மாதம் அதன் புதுப்பித்த பதிப்பான என்ஹான்ஸ்டு எடிஷன் வாங்கினேன். பையன் தூங்கிய பிறகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் நமக்கு நேரம். அதே ஃபிர்கிராக். நாமாகச் சண்டைக்குப் போகும்வரை அது நம்மை ஒன்றும் செய்யாது இல்லையா, என் கூட்டத்துத் திருடன் யோஷிமோவை விட்டு அதன் காலடியிலேயே ஏழு கண்ணி வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றது. சண்டை ஆரம்பித்ததும் எல்லாக் கண்ணியும் வெடித்து, அது ஒரு தடவை நெருப்பு கக்குவதற்குள் முடிந்துவிட்டது. பரோட்டா நினைவுதான் வந்தது.

செத்தும் சாகாத மந்திரவாதியான லிச் வந்தால் புரொட்டெக்ஷன் ஃப்ரம் அன்டெட் மந்திரச் சுருள், கண்ணால் கதிர் வீசும் பிஹோல்டர் வந்தால் பால்டுரன் கேடயம். அதன் கதிர் திரும்பி அதன் மேலேயே பாய்கிறது. டிஃபிகல்டியை இன்சேன் வரை ஏற்றிப் பார்த்தேன், எதிரி அடிக்கிற அடி இரண்டு மடங்கானது. அதற்கும் மேல் நிலையான லெகஸி ஆஃப் பால் வைத்தேன், எதிரிக்கு உயிர் ஏறியது. வெட்டுகிற நேரம் கூடியதே தவிர, அவன் மூளை அதேதான்.

எதிரி கொஞ்சமாவது யோசித்துச் சண்டை போடுகிற மாதிரி மோட், அதாவது கேமை மாற்றுகிற கூடுதல் ஃபைல், இருக்கிறதா? இப்போது சேப்டர் 2 முடியப்போகிறது, இதே சேவில் போட்டுத் தொடரலாமா?

கோட்டான்:

நீங்கள் தேடுவது ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ். சுருக்கமாக எஸ்சிஎஸ். அதன் முக்கியமான பகுதி எதிரிக்குப் பலம் ஏற்றுவது இல்லை. உங்கள் மேஜ் (மந்திரவாதி) கையில் இருக்கிற அதே மந்திரங்கள்தான் அவனிடமும் இருக்கும், ஆனால் எதை எப்போது போடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பலம் ஏற்றுகிற பகுதிகளும் உள்ளே உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும், வேண்டாததை விட்டுவிடுங்கள்.

மோட் இல்லாத கேமில் வாசலில் நின்று கிளவுட்கில் என்கிற விஷப்புகை மந்திரம் போட்டால் உள்ளே இருப்பவர்கள் புகைக்குள் நின்றபடியே சாவார்கள். இங்கே ஒருவனை அடித்தால் அவன் கூப்பிட்டுப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். ஆனால் உண்மையான மாற்றம் மேஜ்களிடம்தான். உங்களைப் பார்க்கும்போதே அடி தாங்கும் ஸ்டோன்ஸ்கின், போலி பிம்பம் காட்டும் மிரர் இமேஜ், அதற்கும் மேல் ஆளை மறைக்கும் இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி எல்லாம் போர்த்திக்கொண்டு நிற்பான். பெரிய ஆளாக இருந்தால் மந்திர ஆயுதங்களைத் தடுக்கிற புரொட்டெக்ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸும் வரும். உங்கள் +3 மந்திர வாள் அவன் மேல் பட்டும் படாத மாதிரிதான்.

அதனால் வரிசை முக்கியம். இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டியில் இருப்பவன் மேல் நேராக மந்திரம் குறிவைக்க முடியாது. முதலில் ட்ரூ சைட் போட்டு மாயையைக் கலையுங்கள். மந்திரத் தடுப்பு வைத்திருந்தால் அதை உடைக்க சீக்ரெட் வேர்ட் மாதிரி ஒன்று. அப்புறம் பிரீச், அதில் ஸ்டோன்ஸ்கின் போய்விடும். கடைசியில்தான் வாள். பழைய கேமில் நான் பிரீச்சை மனப்பாடம் செய்ததே கிடையாது, இப்போது என் மேஜிடம் எப்போதும் இரண்டு இருக்கும். மேலே சொன்ன ஆயுதத் தடுப்பு நாலு ரவுண்டுதான் நிற்கும். ஒரு ரவுண்டு ஆறு நொடி, ஆக 24 நொடி. சில சமயம் அந்த 24 நொடி கதவைத் தாண்டி ஓடிப்போவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. திருடர்களுக்கு டிடெக்ட் இல்யூஷன் என்று ஒரு திறமை உண்டு, யாரும் புள்ளி போடாத திறமை. இந்த மோடில் கூட்டத்தில் சேர்க்கக்கூடிய திருடன் ஜான் ஜான்சனுக்கு அதில் புள்ளி போட்டுப் பாருங்கள், மந்திரம் செலவழிக்காமலே மாயைகள் உதிரும். டெம்பிள் டிஸ்ட்ரிக்டுக்குக் கீழே சாக்கடையில் நிற்கும் கெல்டோர்ன் என்கிற வீரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளை வேட்டையாடும் இன்க்விசிட்டர் என்பதால் ட்ரூ சைட் பிறவிச் சொத்து, மந்திரங்களைக் கலைக்க அவர் போடுகிற டிஸ்பெல்லோ இரண்டு மடங்கு லெவல் கணக்கில் வேலை செய்யும்.

கேம் ஃபோல்டரை முதலில் தனியாக நகல் எடுத்து அந்த நகலில் போடுங்கள். நடுவில் கேம் அப்டேட் ஆனால் மோட் கெட்டுவிடும். இதன் தொடர்ச்சியான த்ரோன் ஆஃப் பாலின் கடைசிச் சண்டையும் கடுமையாக வேண்டுமென்றால் அசென்ஷன் என்று ஒன்று இருக்கிறது, அந்தக் கேமின் கதாசிரியர்களில் ஒருவரான டேவிட் கெய்டர் எழுதியது. அதை முதலில் போட்டு, எஸ்சிஎஸ்ஸைக் கடைசிப் பக்கமாகப் போடுங்கள். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும். நின்றுபோன மாதிரி தெரியும், மூடிவிடாதீர்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நெட்டையன்:

மோட் எல்லாம் எதற்கு சார்? சும்மா நிற்கிற டிராகன் காலடியில் கண்ணி வைக்கச் சொன்னது யார்? வைக்காதீர்கள். குகைக்குள் தூங்காதீர்கள், செத்தால் லோடு செய்யாதீர்கள், ஆறு பேருக்குப் பதிலாக மூன்று பேரோடு போங்கள். கேம் தன்னால் கஷ்டமாகும். நான் இப்படித்தான் இரண்டு தடவை முடித்தேன்.

கோட்டான்:

தம்பி, தூங்காமல் போவது நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் ஆடுகிறேன். மூன்று பேர் கணக்குதான் இடிக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் ஆள் எண்ணிக்கையால்தான் வகுபடும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு இரண்டு மடங்கு வரும், சீக்கிரம் லெவல் ஏறும். முதல் பத்து மணி நேரம் திணறுவீர்கள், அப்புறம் ஆறு பேரை விடச் சுலபம். அதோடு அவர் கேட்டது எதிரிக்கு மூளை. நம் கையை நாமே கட்டிக்கொண்டால் அவனுக்கு மூளை வந்துவிடாதே.

நெட்டையன்:

சரி, வகுத்தல் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். கண்ணி விஷயம் நான் சொன்னது சரிதான்.

கீறல்சிடி:

கண்ணி விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

எஸ்சிஎஸ் போட்டாயிற்று. முக்கால் மணி நேரம் ஓடியது. ஆர்வக் கோளாறில் பழைய சேவையே திறந்தேன். ஏற்கெனவே பாதி சுற்றியிருந்த ஒரு இடத்தில் மிச்சமிருந்த மேஜைத் தேடிப் போனேன். அவன் பழையபடி ஒரு மேஜிக் மிஸைல் போட்டுவிட்டுச் செத்துப்போனான். தப்பாகப் போட்டுவிட்டேனா?

கோட்டான்:

சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். நாம் ஒரு ஏரியாவுக்குள் ஒரு தடவை போய்விட்டால், அங்கே இருக்கும் ஆட்களோடு சேர்த்து அந்த ஏரியா முழுதும் சேவ் ஃபைலுக்குள் பதிவாகிவிடும். அடுத்த தடவை கேம் அதைத்தான் படிக்கும், மோட் மாற்றிய ஃபைலை இல்லை. நீங்கள் கால் வைக்காத இடங்களில்தான் புது ஆட்கள் வருவார்கள். பாதி முட்டாள், பாதி புத்திசாலி என்று ஒரு உலகத்தில் ஆடுவதற்குப் புதிதாகவே ஆரம்பித்துவிடுங்கள். கேம் தொடங்குகிற இடமான வில்லன் ஐரெனிகஸின் நிலவறையை இன்னொரு தடவை நடக்கப் பொறுமை இல்லையென்றால் டன்ஜன்-பி-கான் என்று ஒரு சின்ன மோட் இருக்கிறது, நேராக வெளியே கொண்டுவந்து விடும். எஸ்சிஎஸ்ஸுக்கு முன்னால் போடுங்கள்.

டிஃபிகல்டியை ஏற்றினாலும் இரட்டை அடி வேண்டாம் என்றால் ஆப்ஷன்ஸில் அதை மட்டும் நிறுத்திவைக்க ஒரு டிக் இருக்கிறது.

கீறல்சிடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புது கேம். திருடர் கூட்டத் தலைவன் மேவாரின் வேலையில் எட்வின் என்கிற மேஜ் அனுப்புவானே, துறைமுகத்தில் ரேயிக் கெத்ராஸ் என்கிற மேஜின் வீடு, அங்கே போனேன். ஹாஸ்டலில் இவன் பெயர்கூட எங்களுக்கு நினைவில் நின்றதில்லை.

முதல் தடவை, அவன் போட்ட மந்திரத்தில் என் ஆள் மின்ஸ்க் புத்தி குழம்பிப்போய், கூட வந்த ஜாஹீராவை வெட்டினான். இரண்டாவது தடவையும் மின்ஸ்க், இந்த முறை என்னை. மூன்றாவது தடவை மின்ஸ்கை வெளியிலேயே நிறுத்திவிட்டுப் போனேன், அப்படியும் தோற்றேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன், ஆனால் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே வரிசையை யோசித்தேன். மறுநாள் பிரீச் ஒன்று எழுதி வைத்து, கெல்டோர்னை முன்னால் விட்டேன். ட்ரூ சைட்டில் பிம்பங்கள் எல்லாம் போய் ஆள் ஒருவனாக நின்றான். அடுத்து பிரீச், அடுத்து ஒரே வெட்டு. நான் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். மணி 12.40.

இந்த ஜோரில் கங்காக்ஸ் என்கிற லிச் பக்கம் போகலாமா?

கோட்டான்:

இன்னும் வேண்டாம். அவன் ஆளைப் பூமிக்கடியில் சிறைவைக்கிற இம்ப்ரிசன்மென்ட் போடுவான். கூட இருப்பவன் சிக்கினால் ஃப்ரீடம் சுருளை அதே இடத்தில் நின்று படித்து மீட்கலாம். நீங்களே சிக்கினால் கேம் அதோடு முடிந்தது, லோடு செய்ய வேண்டியதுதான். இரண்டு ஃப்ரீடம் சுருள் கையில் வந்த பிறகு எழுதுங்கள்.